இருபதாவது படி

அந்த மருத்துவக் கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்துக்கு ஏறிப் போகிற படிக்கட்டில் நீதிபதியின் மகனுக்கு ஏழு படிகள் இருந்தன. அதே படிக்கட்டைப் பெருக்குகிறவளின் மகளுக்கு, நாலு மணிக்கு மணி அடிக்கும்வரை எண்ணியதில் ஆயிரத்து முந்நூற்று ஆறு படிகள் இருந்தன; அதற்கு மேலும் படிகள் தெரிந்தன. இருவரும் ஒன்பது மணிக்கு ஒன்றாகத்தான் முதல் படியில் கால் வைத்தார்கள். நீதிபதியின் மகன் ஒன்பதேகாலுக்குச் சேர்க்கைச் சீட்டோடு இறங்கி வந்து, அப்பாவின் காரில் ஏறிச் சாப்பிடப் போனான். நுழைவுத் தேர்வில் அவள் அவனைவிட நாற்பத்தொரு மதிப்பெண் கூடுதலாக எடுத்திருந்தாள். தேர்வு கீழ்த்தளத்தில் நடந்தது, அங்கே படி கிடையாது. விதியில் சிக்கல் எதுவும் இல்லை. வருஷத்தில் ஒரே ஒரு நாள், ஒன்பதிலிருந்து நாலுவரை, விண்ணப்பதாரர் நேரில் வந்து தன் மூலச் சான்றிதழ்களை முதல் மாடி ஜன்னலில் கொடுக்க வேண்டும். மூன்று தடவைக்கு மேல் யாரும் முயலக் கூடாது. விதி எல்லோருக்கும் ஒன்று என்பதில் கல்லூரிக்கு அவ்வளவு பெருமை, அதைப் பளிங்கில் செதுக்கி வாசலில் பதித்து, மேலே 'தகுதிக்கே இடம்' என்று பொன் எழுத்தில் எழுதியிருந்தார்கள்.

பெருக்குகிறவளுக்குக் கல்லூரியில் படிக்கட்டுக்காரி என்று பெயர். இருபத்திரண்டு வருஷமாக அந்தப் படிக்கட்டு அவள் பொறுப்பு. மேலிருந்து கீழே உலர்ந்த துடைப்பத்தால் ஒரு முறை, ஈரத்துணியால் ஒரு முறை, கைப்பிடிக்குத் தனியாக ஒரு துணி. நாலாவது படியில் மூலை உடைந்திருக்கும், தண்ணீர் தேங்கும். பத்தாவது படியில் படிக்கட்டு திரும்பும், அதற்கு மேல் நடப்பது கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. பதினான்காவது படிக்கு மட்டும் வேறு நிறக் கல். பத்தொன்பதோடு முடிந்து அலுவலகக் கதவு வந்துவிடும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பத்தொன்பது என்பாள், அது பொய்யும் அல்ல. வாளியோடு ஏறுகிறவளுக்கும், டீ கொண்டுபோகிறவனுக்கும், மின்விசிறி மாட்ட வருகிறவனுக்கும் பத்தொன்பதுதான். வேலை செய்ய வருகிறவர்களிடம் அந்தப் படிக்கட்டு ஒருநாளும் பாரபட்சம் காட்டியதில்லை. சொந்தக் காரியமாகக் கால் வைத்தால்தான் அது ஆளைப் பார்க்கும். அறுவை மருத்துவரின் மகளுக்கு ஐந்து படி, மருந்துக் கம்பெனி முதலாளியின் பையனுக்கு மூன்று. முதல்வரின் அண்ணன் மகன் சேர்ந்த வருஷத்தில் படியே இல்லாமல் வெறும் சரிவாக இருந்தது என்றும், அவன் கீழிருந்து மேலே சறுக்கிக்கொண்டு போனான் என்றும் சொல்கிறார்கள். அது கொஞ்சம் மிகையாக இருக்கலாம். இறங்குவதற்கு மட்டும் எல்லோருக்கும் பத்தொன்பதே படிகள். ஏழைபாழை இறங்குவதில் படிக்கட்டுக்கு ஆட்சேபம் ஏதும் இல்லை.

அன்று சாயங்காலம் மகள் முழங்கால் வீங்க வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். வீடு என்பது ஒரு குடியிருப்பில், தண்ணீர்த் தொட்டிக்கு நேர் கீழே இருந்த ஒற்றை அறை. கணவன் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனவன், போனவன் போனவன்தான். அந்த அறையில் சமையல் மேடையின் மேல் புத்தகத்தை விரித்து வைத்து, உட்கார்ந்தால் தூக்கம் வரும் என்று நின்றபடியே ஆறு வருஷம் படித்தவள் அந்தப் பெண். அவள் சேர்க்கைச் சீட்டோடு வருவாள் என்று படிக்கட்டுக்காரி அக்கம்பக்கத்துக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். மகள் வெறுங்கையோடு வந்ததும் அவளுக்குத் தலைக்கு மேல் கோபம் ஏறியது.

"எத்தனை படின்னு சொன்ன?"

"ஆயிரத்து முந்நூத்தி ஆறும்மா. மேலயும் இருந்துச்சு."

"யார்கிட்டடி கதை விடுற? இருபத்திரண்டு வருஷமா என் இடுப்பு எண்ணின படி அது. பயந்துபோய்ப் பாதியில திரும்பிட்டேன்னு சொல்லு, ஒத்துக்கறேன். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

பக்கத்து அறையில் இருந்த நாத்தனார் சுவரில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, மறுநாளே ஜவுளிக்கடையில் துணி மடிக்கிற வேலை ஒன்று காலியாக இருப்பதாக வந்து சொன்னாள். மகள் ஜவுளிக்கடைக்குப் போகவில்லை. மனு எழுதினாள். கல்லூரியும் மனுவைக் குப்பையில் போடவில்லை, ஒரு குழுவே அமைத்தது. ஒரு கட்டடப் பொறியாளரும் ஒரு கணக்கு ஆசிரியரும் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரும் அளவு நாடாவோடு வந்து ஏறினார்கள். வேலையாக வந்தவர்கள் அல்லவா, பத்தொன்பது படிகள் இருந்தன. சந்தேகம் வரக் கூடாது என்று திரும்பவும் ஏறினார்கள், திரும்பவும் பத்தொன்பது. கடைசியாக, அந்தப் படிக்கட்டை யாரைவிடவும் நன்றாக அறிந்தவள் என்ற முறையில் படிக்கட்டுக்காரியைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். அந்தக் கல்லூரியில் யாரும் அவளிடம் அபிப்பிராயம் கேட்டது அதுவே முதல் தடவை.

"பத்தொன்பது சார். ஒண்ணு கூடவும் கிடையாது, குறையவும் கிடையாது."

"மனு கொடுத்த பொண்ணு உங்களுக்கு யாரு?"

"என் மகதான்."

"அப்ப அவ சொல்றது?"

பெஞ்சின் ஓரத்தில் மகள் உட்கார்ந்திருந்தாள். படிக்கட்டுக்காரி அவளை ஒரு தடவை பார்த்தாள். தினமும் குனிந்து குனிந்து துடைத்த கல்லைப் பற்றித்தான் கேட்கிறார்கள், அதில் தனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்று அவள் நினைத்தாள். "படி பொய் சொல்லாது சார்" என்றாள்.

குழுவின் அறிக்கை அந்த வாக்கியத்தை முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் போட்டது. படிக்கட்டில் குறையில்லை, ஏறுகிறவர்களின் முயற்சியில்தான் குறை என்று முடிவு எழுதியது. முதல்வர் அந்த வாக்கியத்தைப் பல வருஷங்கள் மேடைகளில் சொல்லிக் கைதட்டு வாங்கினார். பெற்ற தாயின் வாக்குமூலம் என்று ஒவ்வொரு தடவையும் சேர்த்துக்கொள்வார். மகள் அன்றிலிருந்து அம்மாவோடு பேசவில்லை. ஒரே அறையில், ஒரே கட்டிலில், பதினொரு மாதம் இருவரும் முதுகைக் காட்டிப் படுத்தார்கள். உப்பு வேண்டும் என்றால் மகள் எழுந்து போய் எடுத்துக்கொள்வாள், எடுத்துக் கொடு என்று கேட்க மாட்டாள். படிக்கட்டுக்காரி பாத்திரங்களிடம் பேசினாள். சோம்பேறியைப் பெற்றவளுக்கு வாய்த்த தலையெழுத்து என்று குழம்புச் சட்டியிடம் சொல்வாள். மகள் அதைக் கேட்டபடியே எலும்புகளின் பெயரை மனப்பாடம் செய்வாள்.

இரண்டாம் வருஷத்துக்கு அவள் தயாரான விதம் கொஞ்சம் கொடூரமானது. குடியிருப்பின் மாடிப்படியில் இரண்டு கைகளிலும் தண்ணீர் வாளியோடு தினம் இருநூறு தடவை ஏறி இறங்கினாள். மாடியில் இருந்தவர்கள் சத்தம் தாங்காமல் கதவைத் திறந்து திட்டினார்கள், அந்தத் திட்டுகளையும் ஏறிக்கொண்டேதான் கேட்டாள். சேர்க்கை நாளன்று ஓட்டமாக ஏறினாள். மூன்றரை மணிக்கு, இரண்டாயிரத்து எழுநூற்று எண்பத்தெட்டாவது படியில் கால் பிசகியது. உருண்டாள். இறங்குவது எல்லோருக்கும் பத்தொன்பதுதான் என்பதால் பத்தொன்பதே படிகளில் தரைக்கு வந்து சேர்ந்தாள், கணுக்கால் முறிந்தது. சான்றிதழ் கோப்பு மேலேயே தங்கிவிட்டது. சேர்க்கை ஜன்னலில் உட்கார்கிற கண்காணிப்பாளர், அவரை எல்லோரும் ஜன்னல்காரர் என்பார்கள், கீழே எட்டிப் பார்த்து, படிக்கட்டில் ஓட வேண்டாம் என்று பலகை வைத்திருப்பதைச் சுட்டிக்காட்டிவிட்டு உள்ளே போனார்.

கோப்பு இல்லாமல் மூன்றாம் தடவை கிடையாது, மூன்றாம் தடவைக்குப் பிறகு எதுவுமே கிடையாது. அடுத்த விடுமுறை நாளில் படிக்கட்டுக்காரி முணுமுணுத்துக்கொண்டே அதை எடுத்து வரக் கிளம்பினாள். போய் வர அஞ்சு நிமிஷம் ஆகும் என்று அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டுப் போனாள். விடுமுறை என்பதால் கையில் துடைப்பம் இல்லை, வாளியும் இல்லை. இத்தனை வருஷத்தில் அவள் வெறுங்கையோடு அந்தப் படியில் கால் வைத்தது அன்றுதான். நாலாவது படியின் உடைந்த மூலை, பத்தாவது படியின் திருப்பம், பதினான்காவது படியின் வேறு நிறக் கல், எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. பத்தொன்பதாவது படியை மிதித்துக் கதவைத் தள்ளக் கை நீட்டினாள். அங்கே கதவு இல்லை, இருபதாவது படி இருந்தது.

இருபதாவது படியில் கணுக்கால் புதைகிற அளவுக்குத் தூசி கிடந்தது. தூசியைப் பற்றி அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒரு நாள் தூசி ஊதினால் பறக்கும், ஒரு மாதத் தூசி விரலில் ஒட்டும், பல வருஷத் தூசி கம்பளிபோல் மெத்தென்று படியும். இது பல வருஷத் தூசி. கல்லூரி கட்டின நாளிலிருந்து யாரும் பெருக்காத தூசி. அதன் நடுவே காலடித் தடங்கள் போயின. இடது பாதத்தின் கட்டைவிரல் சற்று வெளியே விலகிய தடம். அந்த விரலைக் குழந்தையாக இருக்கும்போதே எத்தனையோ தடவை நேராக்கி விட்டுப் பார்த்தவள் அவள். ஒரு வரிசை போன வருஷத்தது, மேலே மெல்லிய தூசி மூடியிருந்தது. இன்னொன்று புத்தம் புதியது. இரண்டுக்கும் பக்கத்தில், இன்னும் பழைய நூற்றுக்கணக்கான தடங்கள். யார் யார் பிள்ளைகளோ. முந்நூறாவது படியில் சில திரும்பியிருந்தன, எண்ணூறாவது படியில் சில. வழியில் ஒரு ஒற்றைச் செருப்பு கிடந்தது, ஒரு பேனா மூடி, கண்ணாடி உடைந்த ஒரு மூக்குக்கண்ணாடி, காலியான ஒரு சாப்பாட்டு டப்பா. சுவரில் பென்சிலால் ஐந்தைந்தாகக் கோடு போட்டு யாரோ படிகளை எண்ணியிருந்தார்கள், ஆயிரத்து நூறோடு கோடுகள் நின்றுவிட்டன. ஒரு படியில் மகள் உட்கார்ந்திருந்த அடையாளம் இருந்தது, அதன் முன்னால் துளி விழுந்து தூசி குழிந்திருந்தது.

படிக்கட்டுக்காரிக்கு அப்போது வந்தது அழுகை இல்லை, வெட்கம். இத்தனை வருஷமும் தான் துடைத்துத் துடைத்துப் பளபளக்க வைத்தது அவர்களுக்கான படிகளை மட்டும் என்றும், தன் பிள்ளையின் படியில் தன் துடைப்பம் ஒரு தடவைகூடப் பட்டதில்லை என்றும் அவளுக்குப் புரிந்தது. அதற்குமேல் சாட்சி வேறு சொல்லியிருக்கிறாள். வெட்கம் தீர்ந்த இடத்திலிருந்து கோபம் தொடங்கியது, அது பிறகு அவளைவிட்டுப் போகவே இல்லை. மகளின் தடத்தின் மேலேயே கால் வைத்து நாள் முழுக்க ஏறினாள். இரண்டாயிரத்து எழுநூற்று எண்பத்தெட்டாவது படியில் கோப்பு கிடந்தது. மேலே பார்த்தாள், படிகள் போய்க்கொண்டேயிருந்தன. கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பத்தொன்பது படி இறங்கினாள். அடுப்பில் வைத்த தண்ணீர் வற்றி, பாத்திரம் கருகியிருந்தது.

மகள் காலில் மாவுக்கட்டோடு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். படிக்கட்டுக்காரி முழங்கால்வரை தூசியோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"இருபதாவது படி இருக்குடி. பாத்துட்டு வந்தேன். குழு முன்னாடி நான் சொன்னது தப்பு."

பதினொரு மாதத்துக்குப் பிறகு மகள் வாய் திறந்தாள். "நீ போய்ப் பாத்தப்புறம் நம்புற. நான் சொன்னப்ப நம்பல. அப்புறம் அவங்களுக்கும் உனக்கும் என்னம்மா வித்தியாசம்?"

படிக்கட்டுக்காரி கோப்பின் மேல் இருந்த தூசியைத் துடைத்து மகளின் பக்கத்தில் வைத்தாள். மகள் மன்னித்துவிட்டதாக எந்தப் பதிவும் கிடையாது. ஆனால் அன்றிலிருந்து உப்பு வேண்டும் என்றால் கேட்டாள்.

மூன்றாம் தடவைதான் கடைசி, கால் வேறு சரியாகக் கூடவில்லை. தாயும் மகளும் அந்த ஒரு வருஷத்தை வேவு பார்ப்பதில் கழித்தார்கள். படிக்கட்டுக்காரி ஒருநாள் கோப்பை வாளிக்குள் ஒளித்து, மேலே ஈரத்துணியைப் போட்டு, துடைப்பத்தோடு ஏறிப் பார்த்தாள். பத்தொன்பது முடிந்ததும் இருபதாவது படி பல்லை இளித்தது. மகளைத் தனக்கு மாற்றாளாக அனுப்பிப் பார்த்தாள். துடைப்பத்தோடு போனவளுக்குப் பத்தொன்பது படிகளே இருந்தன, ஆனால் துடைப்பத்தோடு வந்தவளிடம் ஜன்னல்காரர் மேசைக்கு அடியில் பெருக்கச் சொன்னாரே ஒழிய நிமிர்ந்து பார்க்கவில்லை. அப்போதுதான் படிக்கட்டுக்காரிக்குக் கட்டடத்தின் பின்பக்கம் ஞாபகம் வந்தது. அங்கே சுருள் சுருளாக ஒரு இரும்பு ஏணிப்படி இருந்தது. கழிவறை கழுவுகிறவர்களும் தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்கிறவர்களும் தங்கள் வாளிகளோடு பளிங்குப் படியில் யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்பதற்காகக் கல்லூரி கட்டும்போதே வைத்தது. அது மொட்டைமாடிக்குப் போகும். அங்கிருந்து ஒரு மர ஏணியில் இறங்கினால் முதல் மாடிக் கழிவறைகளின் நடை, அதைத் தாண்டினால் அலுவலகம். கௌரவமானவர்கள் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. ஆகவே அந்த இரும்புக்குத் தகுதியைப் பற்றி யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. படிக்கட்டுக்காரி வெறுங்கையோடு, கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு ஏறிப் பார்த்தாள். ஐம்பத்திரண்டு. மறுநாளும் ஐம்பத்திரண்டு.

சேர்க்கை நாளன்று அவள் வழக்கம்போலப் பளிங்குப் படியின் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டு மேல்படியில் நின்றாள். நீதிபதியின் இரண்டாவது மகன் அந்த வருஷம் வந்திருந்தான், அவனுக்கு ஆறு படிகள். கழிவறை நடையின் கதவு திறந்தது. கைகளில் துருவும், ஒரு பக்கம் சாய்ந்த நடையுமாக மகள் வெளியே வந்தாள். மணி ஒன்பது இருபது. ஜன்னல்காரர் கோப்பைப் பார்த்தார், கழிவறைக் கதவைப் பார்த்தார், படிக்கட்டைப் பார்த்தார்.

"எப்படி வந்த நீ?"

"ஏறித்தான் சார் வந்தேன்."

"இந்தப் பக்கம் யாரும் ஏறி வரலயே?"

"அந்தப் பக்கமா ஏறி வந்தேன் சார். விதியில நேர்ல வரணும்னு இருக்கு. நேர்ல வந்திருக்கேன்."

அவர் விதிப் புத்தகத்தை முன்னும் பின்னுமாக நாற்பது நிமிஷம் புரட்டினார். முதல்வருக்கு இரண்டு தடவை போன் போட்டார். எந்தப் படி என்று எந்த இடத்திலும் எழுதியிருக்கவில்லை, எழுத வேண்டிய அவசியம் வரும் என்று யாரும் நினைக்கவில்லை. வரிசையில் நின்றவர்களின் அப்பாக்கள் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். கடைசியில் அவர் முத்திரையை மையில் ஒற்றி, ஏதோ அசிங்கத்தை நசுக்குவதுபோலச் சான்றிதழின் மேல் குத்தினார். படிக்கட்டுக்காரி கைப்பிடியைத் துடைப்பதை நிறுத்தவில்லை, அதே இடத்தையே பத்துத் தடவை துடைத்தாள்.

அன்று பிற்பகலே ஆட்கள் வந்து இரும்புப் படியையும் மர ஏணியையும் அறுத்து எடுத்துப் போனார்கள். அதன் பிறகு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் போக வழி இல்லாமல் போய்விட்டது, இன்றுவரை யாரும் அதைச் சுத்தம் செய்யவில்லை. முதல்வர் அறைக்கும் அந்தத் தண்ணீர்தான் வருகிறது. விதியில் 'முதன்மைப் படிக்கட்டு வழியாக மட்டும்' என்று சேர்த்து, பளிங்கிலும் செதுக்கினார்கள். படிக்கட்டுக்காரியை வேலையைவிட்டு நீக்கினார்கள். படிகளின் எண்ணிக்கை பற்றி முன்னுக்குப்பின் முரணாகச் சாட்சி சொன்னது காரணம் என்று கடிதத்தில் இருந்தது, அவள் சாட்சி சொன்னதே ஒரே ஒரு தடவைதான். அவள் பேருந்துப் பணிமனையில் வண்டி கழுவப் போனாள். பேருந்துகளுக்கு ஏறும்போதும் மூன்று படி, இறங்கும்போதும் மூன்று படி, அதில் அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது.

மகளுக்குக் கல்லூரி நிம்மதி கொடுக்கவில்லை. மாணவி அடையாள அட்டை கிடைத்த பிறகும் வகுப்புக்குப் போக அவளுக்கு முதல் வருஷத்தில் முந்நூற்றுச் சொச்சம் படிகள் இருந்தன, மூன்றாம் வருஷத்தில் அவை நூற்று இருபதாகக் குறைந்தன, ஐந்தாம் வருஷத்தில் நாற்பது. தாமதமாக வந்தால் வருகை கிடையாது என்பதால் ஐந்து மணிக்கே கிளம்பிவிடுவாள். ஐந்து படி ஏறி வந்தவர்களும் ஏழு படி ஏறி வந்தவர்களும் அவளைப் பின்வாசல் என்று கூப்பிட்டார்கள். உடற்கூறியல் பேராசிரியர் வருஷத் தொடக்கத்தில், சிலர் ஏறி வந்திருக்கிறார்கள், சிலர் நுழைந்து வந்திருக்கிறார்கள் என்று பொதுவாகச் சொல்வதுபோல் சொல்லி, குறிப்பாக அவளைப் பார்ப்பார். நீதிபதியின் மூத்த மகன் ஆண்டு மலரில் தன் போராட்டத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினான். நாலாவது படியில் தனக்கு மூச்சு வாங்கியதையும், விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்ததையும், உள்ளிருந்து ஒரு குரல் ஏறு என்று சொன்னதையும் உருக்கமாக வர்ணித்திருந்தான். படித்தவர்கள் கண் கலங்கினார்கள். அந்தப் பெண் ஒவ்வொரு தேர்விலும் முதலாவதாக வந்தாள். அப்படி வந்தது, அவர்களைப் பொறுத்தவரை, பின்வாசலில் வந்த குற்றத்தைவிடப் பெரிய குற்றமாக இருந்தது.

பட்டமளிப்பு விழாவுக்கு ஒவ்வொரு மாணவரின் பெற்றோருக்கும் அழைப்பு அட்டை உண்டு. முதல் மாடி மண்டபம், வியாழக்கிழமை காலை பத்து மணி. படிக்கட்டுக்காரி இருந்ததிலேயே நல்ல உடையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு எட்டு மணிக்கே வந்துவிட்டாள். மகள் முன்னதாக மேலே போயிருந்தாள். படிக்கட்டின் கீழே ஜன்னல்காரர் விருந்தினர்களை வரவேற்று நின்றார், அவருக்கும் தலை நரைத்திருந்தது. ஒன்பது படி, பதினொரு படி என்று பெற்றோர்கள் சிரித்துப் பேசி ஏறிக்கொண்டிருந்தார்கள். அவளைக் கண்டதும் அவர் ஓரமாக அழைத்துப் போய், மூலையில் சாத்தியிருந்த துடைப்பத்தை எடுத்து நீட்டினார். அவர் அதை இரக்கத்தோடுதான் செய்தார், அதனால்தான் அது அவ்வளவு கேவலமாக இருந்தது.

"இதைக் கையில வெச்சுக்கம்மா. அஞ்சு நிமிஷத்துல மேல இருப்ப. யாரும் கவனிக்க மாட்டாங்க."

"நீங்களே வெச்சுக்கங்க சார். நான் இன்னைக்கு வேலைக்கு வரல. என் பொண்ணு விழாவுக்கு வந்திருக்கேன்."

அழைப்பு அட்டையை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு அவள் முதல் படியில் கால் வைத்தாள்.

மேலே விழா பத்து மணிக்குத் தொடங்கி, பன்னிரண்டரைக்கு முடிய வேண்டியது. அந்தக் கல்லூரியில் முதலிடம் பெற்றவருக்குத்தான் கடைசியில் பட்டம் கொடுப்பார்கள். அவர் தன் கையால் பட்டத்தை வாங்கும்வரை மண்டபத்தில் யாரும் இருக்கையைவிட்டுப் போகக் கூடாது, தகுதிக்குச் செய்கிற மரியாதை என்று நூறு வருஷமாகக் கட்டிக் காத்த வழக்கம். மகளை அழைத்தார்கள். அவள் மேடைக்கு வந்து நின்றாள், கையை நீட்டவில்லை. முதல்வர் பட்டத்தை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார்.

"எங்க அம்மா வந்துட்டிருக்காங்க சார். வரட்டும்."

"நேரத்துக்கு வர முடியாதவங்களுக்காக இத்தனை பேரும் காத்திருக்க முடியுமாம்மா?"

"அவங்க எட்டு மணிக்கே வந்துட்டாங்க சார்."

ஒரு மணி ஆனது, நாலு மணி ஆனது. வழக்கத்தை மீறி எழுந்து போகலாமா என்று யோசித்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தகுதியை அவமதித்த முதல் ஆளாக இருக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. வியாழன் போய் வெள்ளி வந்தது. டீயும் சாப்பாடும் கொண்டு வருகிறவர்களுக்குப் பத்தொன்பது படிகள்தான் என்பதால் யாரும் பட்டினி கிடக்கவில்லை. நீதிபதி நாற்காலியிலேயே குறட்டை விட்டார். சிறப்பு விருந்தினரின் பூங்கொத்து வாடி நாறியது. அறுவை மருத்துவரின் மனைவி அந்தப் பெண்ணைக் காதில் கேட்க முடியாத வார்த்தைகளால் திட்டினாள், பிறகு திட்டக் களைப்பாக இருந்ததால் நிறுத்தினாள். முதல்வர் அவ்வப்போது பட்டத்தை நீட்டுவதும் மடக்குவதுமாக இருந்தார். அந்தப் பெண் முறிந்து கூடிய காலை மாற்றி மாற்றி ஊன்றி நின்றாளே தவிர, ஒரு தடவையும் உட்காரவில்லை. சனிக்கிழமை மாலை கதவிடுக்கு வழியாக மண்டபத்துக்குள் தூசி வர ஆரம்பித்தது. முதலில் மெல்லியதாக, பிறகு திட்டுத் திட்டாக. முன்வரிசையில் இருந்தவர்கள் இருமினார்கள். அதைப் பார்த்து அந்தப் பெண் மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குக் கதவு திறந்தது. படிக்கட்டுக்காரி தலைமுடியிலிருந்து பாதம்வரை சாம்பல் நிறமாக இருந்தாள், போட்டிருப்பது நல்ல உடை என்று யாருக்கும் தெரியவில்லை. எத்தனை படி என்று அவளை யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சிவப்புக் கம்பளத்தில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு தடம் விழ, முன்வரிசைவரை நடந்து வந்தாள். நீதிபதி தன் மேல் தூசி படாமல் இருக்க அவசரமாக எழுந்து நகர்ந்தார். காலியான அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்து, அழைப்பு அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, மேடையைப் பார்த்தாள்.

"ம், குடுங்க சார்" என்றாள்.

மகள் கையை நீட்டினாள். விழாக் குறிப்பேட்டில் தொடக்கம் வியாழன் காலை பத்து என்றும், நிறைவு ஞாயிறு காலை பதினொன்று பத்து என்றும், தாமதத்துக்குக் காரணம் ஒரு பெற்றோரின் வருகை என்றும் எழுதப்பட்டிருக்கிறது. கல்லூரி அதற்காகப் படிக்கட்டை இடிக்கவுமில்லை, குழு எதையும் அமைக்கவுமில்லை. அடுத்த வருஷத்திலிருந்து அழைப்பு அட்டையின் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி மட்டும் சேர்த்தார்கள்: பெற்றோர் தத்தம் படிகளுக்கு ஏற்ப முன்கூட்டியே புறப்பட்டு வரவும். இப்போதெல்லாம் வியாழக்கிழமை விழாவுக்குத் திங்கட்கிழமையே சிலர் சாப்பாட்டுப் பையோடும் தண்ணீரோடும் வந்து படியேறத் தொடங்கிவிடுகிறார்கள், அவர்கள் வந்து சேரும்வரை மேலே யாரும் பட்டத்துக்குக் கை நீட்டுவதில்லை.